கைக்கு எட்டும் மரமும் எட்டாத மரமும்: மரக் கட்டுமானக் கண்காணிப்பின் வரலாறு

கல் பிளந்தால் வெடிப்பு தெரியும், இரும்பு நலிந்தால் துரு தெரியும். மரமோ புறத்தோற்றம் கெடாமலேயே உள்ளீடற்றுப் போகக்கூடியது. நடுவே வைரம் பாய்ந்த பகுதியும் அதைச் சூழ்ந்து வெளிறு எனப்படும் மென்மையான பகுதியுமாக அமைந்த ஓர் உத்தரத்தில் ஈரம் நெடுநாள் தங்கினால் பூசணம் வேர்விட்டு மரத்தின் செல் சுவர்களைத் தின்னத் தொடங்குகிறது. காற்றும் வெயிலும் படும் மேற்பரப்பு மட்டும் விரைவில் உலர்ந்துவிடுவதால், அந்த மெல்லிய ஓடு சிதையாமல் நின்று பார்ப்பவரை ஏமாற்றுகிறது. எனவே மரத்தாலான பாலம், கூரை, துறைமேடை, அடித்தளம் ஆகியவற்றின் நிலையைக் கண்காணிக்கும் கலை தொடக்கத்திலிருந்தே கண்ணுக்குப் புலப்படாத இடங்களைத் தேடிச் செல்லும் கலையாக இருந்து வந்திருக்கிறது. இக்கலையின் வரலாற்றைச் சுத்தியலில் தொடங்கி மின்னணு உணர்கருவியில் முடியும் கருவிகளின் வரிசையாக எழுதுவது பொறியியல் நூல்களின் வழக்கம். அவ்வரிசை பிழையானதன்று என்றாலும், ஏறத்தாழ முந்நூறு ஆண்டு நிகழ்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, கருவி எதுவாக இருந்தது என்பதைக் காட்டிலும், கட்டியவர் பின்னால் வந்து பார்ப்பவருக்கு இடம் விட்டுக் கட்டினாரா என்பதே அக்கட்டுமானங்களின் ஆயுளைப் பெரிதும் தீர்மானித்திருப்பதாகத் தெரிகிறது.

ஐரோப்பாவில் இச்சிக்கல் ஒரு நாட்டின் பாதுகாப்புச் சிக்கலாகவே உருவெடுத்தது நெதர்லாந்தில். கடல் மட்டத்துக்குத் தாழ்ந்த நிலத்தைக் காத்து நின்ற கடலணைகள் பலவற்றின் கடல்முகத்தில், மண்ணும் கடற்பாசியும் அலையில் கரைந்துவிடாதபடி, கனத்த மரத்தூண்கள் வரிசையாக அறையப்பட்டிருந்தன. 1731ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மேற்கு ஃப்ரீஸ்லாந்துப் பகுதியில் அத்தூண்கள் அலையடியில் குச்சிகளைப் போல ஒடிந்தபோதுதான், அவற்றின் உட்புறம் முழுவதும் சல்லடையாகத் துளைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. காரணமாக இருந்தது கப்பல் புழு. புழு என்று பெயர் பெற்றிருந்தாலும் அது சிப்பி இனத்தைச் சேர்ந்த மெல்லுடலி. நீரில் மிதந்து வரும் அதன் இளம் உயிர், ஊசி முனையளவே உள்ள துளையின் வழியே மரத்துக்குள் நுழைந்து, அங்கேயே வளர்ந்து, தன் ஓட்டையே அரமாகக் கொண்டு நாரின் போக்கில் சுரங்கம் வெட்டி, அச்சுரங்கத்துக்குச் சுண்ணாம்புப் பூச்சும் இட்டுக்கொள்கிறது. பக்கத்துச் சுரங்கத்தை அது வெட்டுவதில்லை, மேற்பரப்பை உடைத்து வெளியே வருவதுமில்லை. ஆகையால் தூணின் கனம் முழுவதும் உள்ளே தீர்ந்துபோன பிறகும் கரையிலிருந்து பார்ப்பவருக்குச் சில ஊசித்துளைகளுக்கு மேல் எதுவும் தெரிவதில்லை.

மக்கள் இதைத் தெய்வ தண்டனையாகக் கண்டனர்; பிரசங்க மேடைகளிலும் அவ்வாறே பேசப்பட்டது. காட்ஃபிரைட் செலியஸ் என்னும் அறிஞர் 1733ஆம் ஆண்டில் இலத்தீனில் வெளியிட்ட நூலில் இவ்வுயிரின் உடலமைப்பை விரிவாக ஆராய்ந்து, அது மெல்லுடலி என்பதை நிறுவினார். அணைகளைப் பராமரித்தவர்கள் தூண்களின் மேல் தட்டைத் தலையாணிகளை இடைவெளியின்றி அறைந்து பார்த்தனர். ஆணித் தலைகளின் துரு ஒன்றுகூடி ஒரு கவசமாகப் படியும் என்பது எண்ணம். ஆனால் நெடுங்காலத் தீர்வாக அமைந்தது மரத்தைக் கைவிட்டதே ஆகும். அணைகளின் கடல்முகம் சரிவாக்கப்பட்டுக் கல் பாவப்பட்டது. கல்லற்ற அந்நாடு ஸ்காண்டிநேவியாவிலிருந்து கற்களை இறக்குமதி செய்தது. உள்நாட்டில் ட்ரென்த மாகாணத்தில் இருந்த பெருங்கற்காலக் கல்லறைகளின் பாறைகளும் உடைத்து விற்கப்படும் நிலை வந்ததால், அம்மாகாணம் 1734ஆம் ஆண்டில் அவற்றைப் பாதுகாக்க ஆணை பிறப்பித்தது. தொல்லியல் சின்னங்களைக் காக்கும் ஐரோப்பியச் சட்டங்களுள் மிகப் பழையவற்றில் ஒன்று ஒரு சிப்பியின் பசியால் பிறந்தது என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

நிலத்தில் நிற்கும் மரத்தின் பகை பூசணம் என்பது தெளிவாக இன்னும் நூற்றைம்பது ஆண்டுகள் ஆயின. அழுகிய மரத்தில் காணப்படும் பூசணம் அழுகலின் விளைவு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஜெர்மானியக் காட்டியலாளர் ராபர்ட் ஹார்டிக் 1870களில் வெளியிட்ட ஆய்வுகளே பூசணம் காரணம், அழுகல் விளைவு என்று வரிசையைத் திருப்பிவைத்தன. காரணம் தெரியும் முன்பே மருந்து வந்துவிட்டது: பாதரச உப்பில் மரத்தை ஊறவைக்கும் முறைக்கு ஜான் கயன் 1832ஆம் ஆண்டிலும், நிலக்கரித் தாரிலிருந்து வடித்த கிரியோசோட்டு எண்ணெயை அழுத்தத்தால் மரத்துக்குள் செலுத்தும் முறைக்கு ஜான் பெத்தல் 1838ஆம் ஆண்டிலும் காப்புரிமை பெற்றனர். ரயில் பாதைகள் பெருகிய காலம் அது. தண்டவாளக் கட்டைகளுக்கும் பாலங்களுக்கும் மரம் மலைமலையாகத் தேவைப்பட்டது.

அக்காலத்து மரப்பாலங்களுள் கண்காணிப்பின் வரலாற்றுக்கு மிகுந்த பாடம் தருபவை இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில், கார்ன்வால் ரயில் பாதையில், இசம்பார்ட் கிங்டம் புரூனல் வடிவமைத்தவை. ஆழ்ந்த பள்ளத்தாக்குகள் அடுத்தடுத்துக் குறுக்கிட்ட அப்பாதையில் பிளிமத்துக்கும் ட்ரூரோவுக்கும் இடையே மட்டும் 34 நெடும்பாலங்கள் தேவைப்பட்டன. பின்னர் ஃபால்மத் துறைமுகம் வரை நீட்டியபோது மேலும் 8 சேர்ந்தன. நிறுவனத்திடம் போதிய மூலதனம் இல்லை. ஆகவே புரூனல் கல்லால் தூண்களை எழுப்பி, தண்டவாள மட்டத்துக்கு 35 அடி கீழேயே அவற்றை நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு தூணின் உச்சியிலிருந்தும் விசிறி மடல்களைப் போல விரியும் மரச் சாய்முட்டுகளால் மேல்தளத்தைத் தாங்கச் செய்தார். தூண்கள் மையத்துக்கு மையம் 66 அடி, அதாவது ஏறத்தாழ 20 மீட்டர் இடைவெளியில் நின்றன. மிக உயர்ந்ததான செயின்ட் பின்னாக் பாலம் பள்ளத்தாக்கின் அடியிலிருந்து 151 அடி உயரம் கொண்டது. பாதை 1859ஆம் ஆண்டு மே மாதம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் புரூனல் காலமானார்.

பால்டிக் கரையிலிருந்து, பெரும்பாலும் மேமல் துறைமுகத்திலிருந்து, தருவிக்கப்பட்ட மஞ்சள் பைன் மரம் என்றைக்கும் நிற்கும் என்று புரூனல் நம்பவில்லை என்பதே அவருடைய வடிவமைப்பின் சிறப்பு. எந்த முட்டும் என்றாவது இற்றுப்போகும் என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, உறுப்புகளை ஒரே அளவில் அமைத்து, எந்த ஒன்றையும் ரயில் போக்குவரத்தை நிறுத்தாமல் கழற்றி வேறொன்றை மாட்டும்படி அவர் இணைப்புகளைத் திட்டமிட்டார். மரத்தைப் பலகை போர்த்தியோ பெட்டிக்குள் அடைத்தோ அவர் மறைக்கவில்லை. எல்லா முட்டும் நான்கு புறமும் காற்றாடத் திறந்து கிடந்தது. அந்தத் திறந்த அமைப்பில் ஏறி இறங்கியதே பாலப் பராமரிப்புக் குழுக்களின் அன்றாடத் தொழில். மேல்தளத்திலிருந்து கட்டிய கயிற்றில் தொங்கியபடி, காலுக்குக் கீழே நூறடிக்கு மேல் வெட்டவெளி இருக்க, ஒவ்வொரு முட்டையும் பார்த்து, தளர்ந்த திருகாணியை இறுக்கி, இற்ற மரத்தை இறக்கிப் புதியதை ஏற்றியவர்கள் அவர்கள்.

மரப்பாலங்களைப் பார்வையிட்ட ரயில்வே ஊழியர்களிடம் வழக்கிலிருந்த சோதனைகள் அடிப்படையில் இரண்டே. சுத்தியலால் தட்டும்போது திடமான மரம் கணீரென்று ஒலிக்கும், உள்ளே உளுத்த மரம் பொத்தென்று ஒலிக்கும். ஐயம் எழுந்தால் கையால் திருகித் துளையிடும் கருவியைச் செலுத்திப் பார்ப்பார்கள்; திருகும் கைக்கு மரம் காட்டும் எதிர்ப்பும், வெளியே வரும் துருவலின் நிறமும் மணமும் உள்நிலையைச் சொல்லிவிடும். அவர்களின் கண் முதலில் சென்ற இடம் முட்டின் நடுப்பகுதியன்று, அதன் அடிமுனை. மரம் நீரைப் பக்கவாட்டில் உறிஞ்சுவதைவிட வெட்டுமுகத்தில் பன்மடங்கு விரைவாக உறிஞ்சும்; மழைநீர் முட்டின் வழியே வழிந்து அது தூணின் மேல் உட்காரும் இடத்தில் தேங்கும். எந்த மரக் கட்டுமானத்திலும் முதலில் பார்க்க வேண்டியவை வெட்டுமுகங்களும் இணைப்புகளுமே என்று இன்றைய கையேடுகள் வலியுறுத்துவதன் பின்னால் இத்தகைய தொழிலாளர்களின் அனுபவமே இருக்கிறது.

இவ்வேற்பாட்டின் வலிமை அதன் செலவும் ஆயிற்று. நல்ல பால்டிக் பைன் கிடைத்தவரை ஒரு முட்டு முப்பது ஆண்டுவரைகூடத் தாங்கியது; அது அரிதானபின் வந்த மாற்று மரங்கள் அதில் பாதிக் காலம்கூட நிற்கவில்லை. ரயில்களின் எடையும் கூடியது. 1870களிலிருந்து பாலங்கள் ஒவ்வொன்றாகக் கல்லாலும் இரும்பாலும் மாற்றிக் கட்டப்பட்டன. மூர்ஸ்வாட்டரில் புதிய பாலத்துக்கு அருகே புரூனலின் பழைய கல்தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஃபால்மத் கிளையில் 1863ஆம் ஆண்டு திறந்த காலேஜ் வுட் பாலமே கடைசியாக 1934ஆம் ஆண்டில் மாற்றப்பட்டது. பத்து இருபது ஆண்டுக்குரிய மலிவான ஏற்பாடு என்று பலர் கருதிய அமைப்பு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ரயிலைச் சுமந்ததற்கு மரத்தின் தரம் ஒரு பகுதிக் காரணமே. பார்க்கவும் மாற்றவும் அதில் இருந்த வசதியே பெரும்பகுதிக் காரணம்.

ஆள் ஏறிப் பார்க்க முடியாத இடங்களில் என்ன செய்வது என்ற கேள்வி கடலோரத்தில் எழுந்தது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் வட பகுதி, ஆற்றுநீரின் வரத்தால் உப்புக் குறைந்திருந்த காரணத்தால், கப்பல் புழுவுக்கு ஒவ்வாத இடமாக இருந்தது. அதை நம்பி அங்கே துறைமேடைகள் மருந்தேற்றாத மரத்தூண்களில் கட்டப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பத்தாண்டில் நெதர்லாந்தை வருத்திய அதே இனப் புழு அங்கே குடியேறி, மழை குறைந்த ஆண்டுகளில் உப்பு ஏறிய நீரோடு உள்ளே பரவியதன் விளைவாக, 1919 முதல் 1921 வரை துறைமேடைகளும் சரக்குக் கிடங்குகளும் அடுத்தடுத்துச் சரிந்தன. அதையொட்டி அமைக்கப்பட்ட ஆய்வுக் குழுவும், தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் குழுவும் கையாண்ட முறை எளிமையானது: சிறு மரக்கட்டைகளைப் பலகையில் பொருத்தித் துறைமுக நீரில் தொங்கவிட்டு, குறித்த இடைவெளிகளில் ஒவ்வொன்றாக எடுத்துப் பிளந்து பார்த்தனர். தூணைச் சோதிப்பதற்கு மாறாக, தூணைத் தின்ன வரும் உயிரை வேவு பார்க்கும் முறை இது. எந்தப் பருவத்தில், எவ்வளவு உப்பில், எந்த ஆழத்தில் தாக்குதல் மிகுகிறது என்பதைத் தொடர்ச்சியான பதிவாக அது தந்தது. ஒருமுறை பார்த்துச் சான்று கொடுக்கும் ஆய்வுக்கும், காலத்தோடு தொடர்ந்து அளந்துகொண்டே செல்லும் கண்காணிப்புக்கும் உள்ள வேறுபாடு இங்கே முதன்முறையாகத் தெளிவாகப் புலப்படுகிறது.

இதே நோக்கில் ஆம்ஸ்டர்டாம் நகரம் நிலத்தடி நீரை அளக்கிறது. சேற்று நிலத்தில் அமைந்த அந்நகரின் பழைய கட்டடங்கள், கீழேயுள்ள மணல் படுகை வரை அறைந்த மரத்தூண்களின் மேல் நிற்கின்றன. 1648ஆம் ஆண்டு தொடங்கிய நகர மாளிகைக்கு மட்டும் 13,659 தூண்கள். ஆண்டின் நாட்களான 365க்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்பதும் சேர்த்துப் பள்ளிப் பிள்ளைகள் இவ்வெண்ணை நினைவில் வைப்பதுண்டு. நீருக்குள் முழுகியிருக்கும்வரை ஆக்சிஜன் இல்லாததால் பூசணம் அத்தூண்களைத் தொட முடியாது; நீர்மட்டம் தாழ்ந்து தூணின் தலை வெளிப்பட்டால் சில ஆண்டுகளில் அது மக்கிவிடும். ஆகவே நகரெங்கும் புதைத்த குழாய்களில் நீர்மட்டத்தைப் பதிவதே தூண்களின் நலத்தைப் பதிவதாக அமைந்தது. இந்த நம்பிக்கையிலும் பிற்காலத்தில் ஓர் ஓட்டை விழுந்தது: ஆக்சிஜன் இல்லாத சூழலிலும் மிக மெதுவாக மரத்தை அரிக்கும் பாக்டீரியாக்கள் உண்டென்று ஆய்வுகள் காட்டின. 2020 செப்டம்பரில் கிரிம்பர்க்வால் கால்வாய்க் கரைச்சுவரின் ஒரு பகுதி நீருக்குள் சரிந்தபின், நகரம் தன் கரைச்சுவர்களின் தூண்களை நீர்மூழ்கு ஆட்களைக் கொண்டு ஆராயும் பணியைத் தீவிரப்படுத்தியது.

கருவிகளைப் பொறுத்தவரை, விஸ்கான்சின் மாநிலம் மாடிசனில் 1910ஆம் ஆண்டு தொடங்கிய காட்டுப்பொருள் ஆய்வகத்தைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. மரத்தின் மின்தடை அதன் ஈரத்தைப் பொறுத்துப் பெருமளவு மாறுகிறது என்பதை அங்கே ஆல்ஃபிரட் ஸ்டாம் 1927ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு விளக்கியது. இரு முனைகளை மரத்தில் குத்தி ஈரப்பதத்தைப் படிக்கும் கருவிகள் இவ்வடிப்படையில் அமைந்தவை. உலர்ந்த எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் நிலைத்தால் எச்சரிக்கை வேண்டும் என்பது பொது விதி. பிற்காலக் கருவிகள் பலவும் பழைய சுத்தியலுக்கும் துளைக்கருவிக்கும் எண்களைச் சேர்த்தவை என்று சொன்னால் மிகையாகாது. மரத்தின் ஒரு புறம் தட்டி, ஒலி மறுபுறம் சேரும் நேரத்தை அளக்கும் முறையில், திடமான உலர்ந்த மரத்தில் ஒலி நாரின் நீளத்தில் நொடிக்கு ஏறத்தாழ 5,000 மீட்டர் செல்கிறது, உளுத்த இடத்தைச் சுற்றிச் செல்ல நேர்ந்தால் தாமதமாகிறது. 1980களில் ஜெர்மனியில் உருவான துளைத்தடைமானி, முனையில் 3 மில்லிமீட்டர் அகலமே உள்ள ஊசியைச் சீரான வேகத்தில் செலுத்தி, அது சந்திக்கும் எதிர்ப்பை வரைகோடாகப் பதிகிறது. கோடு திடீரெனப் பள்ளமாகும் இடம் பொந்து. அனுபவசாலியின் காதும் கையும் உணர்ந்தவை இவ்வாறு பிறரும் சரிபார்க்கத்தக்க பதிவுகளாயின. இது சிறிய ஆதாயமன்று. ஆனால் கருவியை எங்கே வைப்பது என்பதைக் கருவி சொல்வதில்லை.

அதைத் துயரமான முறையில் காட்டியது ஜெர்மனியின் பாட் ரைகன்ஹால் நகரின் பனிச்சறுக்கு அரங்கம். 1970களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட அதன் கூரை 2006 ஜனவரி 2 அன்று பனிச்சுமையின் கீழ் இடிந்து விழுந்து 15 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் சிறுவர்கள். அன்று கூரைமேல் இருந்த பனியின் எடை, வடிவமைப்பில் கணக்கிட்ட அளவைத் தாண்டவில்லை. கூரையைத் தாங்கியவை, மேலும் கீழும் மரச் சட்டங்களும் இருபுறமும் பலகைச் சுவர்களுமாகப் பசையால் ஒட்டிய, உள்ளே வெற்றிடமுள்ள பெட்டி உத்தரங்கள். அவ்வகை உத்தரத்துக்கு 1.20 மீட்டர் உயரம் வரையே பொது அனுமதி இருந்தது. இங்கே உயரம் 2.87 மீட்டர். பயன்படுத்திய யூரியா வகைப் பசை ஈரத்தைத் தாங்காதது. பனித்தளத்துக்கு மேலே குளிர்ந்த உத்தரங்களில் காற்றின் ஈரம் படிந்துகொண்டே இருந்தது, கூரையிலும் ஒழுக்கு இருந்தது. முப்பது ஆண்டுகளில் பசை மெல்லச் செயலிழந்தது. கணக்கீட்டுப் பிழைகளும் இதனுடன் சேர்ந்தன. விபத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன் பழுதுபார்ப்புச் செலவை மதிப்பிடுவதற்காக நடந்த ஒரு பார்வையிடல், தாங்கும் அமைப்பு பொதுவாக நன்றாக இருப்பதாகவே குறிப்பிட்டிருந்தது. மூடிய பெட்டியின் உள்ளே இருந்த ஒட்டுமுகத்தைக் கீழே நின்று பார்த்தவர் எவரும் வேறு முடிவுக்கு வந்திருப்பது கடினம். கார்ன்வாலின் முட்டுகள் அழியும் என்று ஒப்புக்கொண்டு கட்டப்பட்டவை. இவ்வுத்தரங்களோ அழியா என்ற நினைப்பில் பூட்டப்பட்டவை.

அவ்விபத்துக்குப் பின் ஜெர்மானிய மாநிலங்களின் கட்டடத் துறை அமைச்சர்கள் அதே ஆண்டில் உரிமையாளர்களுக்கான வழிகாட்டுக் குறிப்புகளை வெளியிட்டனர். 2010ஆம் ஆண்டு பொறியாளர் சங்கம் வெளியிட்ட நெறிமுறை, கட்டடங்களை விபத்தின் விளைவு எவ்வளவு பெரிதாகும் என்பதை வைத்து வகைப்படுத்தி, உரிமையாளரே சுற்றிப் பார்ப்பது, தகுதியுள்ளவர் ஆய்வது, சிறப்பு வல்லுநர் நுணுகிச் சோதிப்பது என்று மூன்று படிகளை வகுத்தது. தமிழ்நாட்டில் தேரோட்டத்துக்கு முன் பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள் தேரைப் பார்வையிட்டு உறுதிச் சான்று வழங்கும் நடைமுறை உண்டு. விழா நாள் அங்கே ஆய்வைக் கட்டாயமாக்குகிறது. அன்றாடம் பயன்படும் கூரைக்கு அப்படி ஒரு நாள் இல்லாததால், விதிதான் அந்த நாளைக் குறித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆயினும் எட்டிப் பார்க்க இடம் இருப்பது எல்லாவற்றுக்கும் போதுமானதன்று என்பதற்கு நார்வே சான்று. பலகைகளை அடுக்கி ஒட்டிய உத்தரங்களால் நவீன மரப்பாலங்கள் கட்டுவதில் முன்னணியில் நின்ற அந்நாட்டில், 2014ஆம் ஆண்டில் திறந்த பெர்க்கோலோ பாலம் 2016ஆம் ஆண்டில் ஒரு லாரி கடக்கும்போது விழுந்தது. இணைப்பு ஒன்றின் வடிவமைப்பில் பிழை இருந்தது. அதே வகைப் பாலங்கள் மறுபார்வைக்கு உட்படுத்தப்பட்டன. 2012ஆம் ஆண்டில் திறந்த ட்ரெட்டன் பாலமும் அவற்றுள் ஒன்று. 2022 ஆகஸ்ட் 15 காலை ஒரு லாரியும் காரும் மேலே சென்றுகொண்டிருந்தபோது அதுவும் ஆற்றுக்குள் விழுந்தது. ஓட்டுநர்கள் இருவரும் உயிர் தப்பினர். பாலத்தைச் சாய்த்தது அழுகலோ புழுவோ அன்று; இரும்புத் தகடும் முளைகளும் கோத்த இணைப்பில், முளைகள் சூழ்ந்த மரப்பகுதி கட்டியாகப் பெயர்ந்து வெளியே வந்த ஒரு வகை முறிவு. பத்தே ஆண்டான அம்மரம் தட்டினால் கணீரென்றே ஒலித்திருக்கும், ஈரமானியும் துளைத்தடைமானியும் குறையேதும் காட்டியிருக்க மாட்டா. அங்கே திரும்பத் திறந்து பார்க்க வேண்டியிருந்தவை மரத்துண்டுகள் அல்ல, வடிவமைப்புக் கணக்கேடுகள். அவை எழுதப்பட்ட காலத்து விதிகள் அம்முறிவைப் பற்றிச் சொன்னது போதுமா என்ற கேள்வியோடு அவற்றைப் படிக்கும் வேலை, மரக் கட்டுமானக் கண்காணிப்பின் பகுதியாக இப்போதுதான் சேர்ந்துகொண்டிருக்கிறது.